நின்ற வட்டி

செப்டம்பர் 23, 2023 – சனி

கேரள அரசின் காருண்யா லாட்டரியில் எங்கள் சீட்டுக்கு மூன்றாம் பரிசு விழுந்திருக்கிறது. ஒரு லட்சம். மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் குலுக்கல். வேலந்தாவளம் சந்தையில் காய் இறக்கப் போயிருந்த வீட்டுக்காரர் நாலரைக்கெல்லாம் குட்டியானையோடு வாசலில் நின்றார். போனில் வந்த முடிவையும் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எழுத்தும் சரி, ஆறு எண்ணும் சரி. சீட்டின் பின்பக்கம் பெயரும் விலாசமும் எழுதி உடனே கையெழுத்துப் போடச் சொன்னேன். கையெழுத்தில்லாத சீட்டைத் தொலைத்துவிட்டு நம்முடையது என்று எங்கே போய்ச் சொல்வது?

ஊரே லாட்டரிப் பேச்சில் இருக்கும் வாரம் இது. புதன்கிழமை குலுக்கிய ஓணம் பம்பரில் 25 கோடியும் திருப்பூர்ப் பக்கத்து நான்கு நண்பர்களுக்குப் போனது. அந்தச் சீட்டு விற்றது நம் வாளையாரில். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எல்லையோரக் கடைகளில் அந்தப் பக்கத்து ஆட்கள் கூட்டம்தான்.

செப்டம்பர் 25 – திங்கள்

பாலக்காட்டில் மாவட்ட லாட்டரி ஆபீஸுக்குப் போய்வந்தோம். 5,000 வரை என்றால் கடையிலேயே வாங்கிவிடலாம். அதற்கு மேல் போனால் ஆதார், பான் கார்டு, போட்டோ, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய ரசீது எல்லாம் வேண்டும். 30 நாளுக்குள் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

லட்சம் என்று பெயர்தான். ஏஜெண்ட் கமிஷன் பத்து சதவீதம் போனால் 90,000. அதில் 30 சதவீதம் வருமான வரி, 27,000. கைக்கு வருவது 63,000. திருப்பூர்க்காரர்களின் 25 கோடியும் இதே கணக்கில்தான் 15 கோடியே 75 லட்சமாகிறது. 'நமக்கு வரி கட்டுற அளவுக்கு வருமானமே இல்லையே, திரும்பக் கேட்டா தரமாட்டாங்களா' என்றார் வீட்டுக்காரர். லாட்டரிப் பணத்துக்கு அந்த வரம்பு கிடையாது. ஏழைக்கும் அதே 30 சதவீதம், பிடித்தது பிடித்ததுதான்.

அக்டோபர் 1 – ஞாயிறு

பணம் வருமுன்பே வீட்டில் அதைச் செலவழித்துவிட்டார்கள். அத்தைக்குக் கூட்டுறவு பேங்கில் இருக்கும் மூன்று பவுன் செயினைத் திருப்ப வேண்டும். "கழுத்து வெறுமையா எப்படிக் கண்ணு கல்யாண வீட்டுக்குப் போறது?" என்கிறார். வீட்டுக்காரருக்கு வண்டிக்கு நாலு டயரும் மாற்ற வேண்டும். தீபாவளித் துணியைப் பிள்ளைகள் ஏற்கெனவே போனில் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இரவு தையல் அளவு எழுதும் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் கடன்களை எழுதினேன். யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள், யாரிடம் மானம் போகிறது என்றெல்லாம் பார்க்காமல், நூறு ரூபாய்க்கு எது எவ்வளவு தின்கிறது என்று மட்டும் பார்த்து வரிசை போட்டேன்.

வட்டிக்காரர்: அசல் 30,000, நாலு வட்டி. மாதம் 1,200. வருடத்துக்கு 48 சதவீதம்.
வாரக் குழு லோன்: பாக்கி 16,000-க்கும் மேல். வாரம் 650. வட்டி வருடத்துக்கு 24 சதவீதம்.
நகைக் கடன்: 80,000. வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி. மாதம் 670 போல.
அண்ணனிடம் கைமாற்று: 15,000. வட்டி இல்லை.

அக்டோபர் 8 – ஞாயிறு

செயின் சண்டை. மேற்கொண்டு 17,000 புரட்டினால் முழுசாகத் திருப்பிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எங்கே புரட்டுவது? அதே வட்டிக்காரரிடம். பத்து சதவீதக் கடனை அடைக்க 48 சதவீதத்துக்குக் கடன்!

நோட்டைக் காட்டினேன். 80,000 கொட்டி நகையைத் திருப்பினால் மாதம் 670 மிஞ்சும். 30,000 கொடுத்து வட்டிக்காரரை அனுப்பினால் மாதம் 1,200 மிஞ்சும். பாதிப் பணம்கூட இல்லை, ஏறக்குறைய இரட்டிப்பு மிச்சம். செயின் பேங்கில் பத்திரமாக இருக்கிறது, வட்டியைக் கட்டி வந்தால் எங்கேயும் போய்விடாது. அத்தை அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு எப்பக் கிடைக்கும், தேதியைச் சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு தீபாவளி என்றேன்.

அக்டோபர் 15 – ஞாயிறு

குடும்பஸ்ரீ மகளிர் அயல்கூட்டத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டுக் கைமாற்று கேட்டார்கள். போன வருடம் ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்த திருவனந்தபுரம் ஆட்டோக்காரர், உதவி கேட்டு வருகிறவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை, நிம்மதி போய்விட்டது என்று டிவியில் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு அவரே லாட்டரிக் கடை வைத்தாராம்.

கேட்டவர்களிடம் 'முற்றத்தே முல்ல' பற்றிச் சொன்னேன். வட்டிக்காரர்களிடமிருந்து மீட்கக் கூட்டுறவு சங்கம் குடும்பஸ்ரீ வழியாகத் தரும் கடன். 2018-இல் நம் பாலக்காடு மாவட்டத்தில்தான் தொடங்கியது. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், நம் பேச்சில் ஒரு வட்டி. நாலு வட்டி எங்கே, ஒரு வட்டி எங்கே!

நவம்பர் 8 – புதன்

63,000 கணக்கில் ஏறிவிட்டது. தீபாவளிக்கு நாலே நாள். இன்றைக்குள் முடிக்காவிட்டால் துணிக்கடைக்குப் போய்விடும் என்று மத்தியானமே கிளம்பினோம்.

வட்டிக்காரருக்கு மொத்தமாகத் தருவதில் சந்தோஷமே இல்லை. "என்னங் அம்மிணி அவசரம்? வட்டிய மட்டும் கட்டீட்டு வாங்க, அசல் பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றார். அவருக்கு அசல் வேண்டாம், மாதாமாதம் வரும் 1,200 தான் வேண்டும். எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்த செக் இரண்டையும் முத்திரைத்தாளையும் கேட்டேன். நாளைக்குத் தருகிறேன் என்றார். பணக்கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போய் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்தார். எங்களைப் போல எத்தனை பேர் செக்கோ அதில்! எங்களுடையதை உருவிக் கொடுத்தார். 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே எழுந்தேன்.

நவம்பர் 10 – வெள்ளி

குழு லோன் 16,000-ஐயும் அடைத்தாயிற்று. முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று வீட்டுக்காரர் பயந்தார். 2022-லேயே ரிசர்வ் வங்கி அது கூடாது என்று சொல்லிவிட்டது. அண்ணனுக்கு 7,000. மீதி 10,000 தபால் ஆபீஸ் சேமிப்பில். அதில் டயரும் இல்லை, துணியும் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதோ, வண்டி நடுவழியில் நிற்கும்போதோ மறுபடி அந்தத் திண்ணைக்குப் போகாமலிருக்கத்தான் அது. தீபாவளித் துணி என் தையல் கூலியில் பிள்ளைகளுக்கு மட்டும்.

டிசம்பர் 3 – ஞாயிறு

வட்டி 1,200, வாரத் தவணை 2,600. மாதம் 3,800 நின்றிருக்கிறது. 63,000 ஒரு தடவை வந்தது. இது மாதாமாதம் வரும். முதல் இரண்டு மாதம் அண்ணனின் பாக்கிக்கு, அதன் பிறகு நகைக் கடனின் அசலில் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொரு கணக்கையும் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். தினம் ஒரு சீட்டு, 40 ரூபாய். மாதம் 1,200. வட்டிக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே தொகை! "விழுந்துதே" என்றார். விழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எத்தனை வருடச் சீட்டுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சனிக்கிழமை மட்டும் என்று இறங்கிவந்தார். அதில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். அதையும் சேர்த்தால் 2025 தீபாவளிக்குள் செயின் அத்தை கழுத்துக்கு வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் பம்பர் மட்டும் விதிவிலக்காம். 20 கோடி, சீட்டு 400 ரூபாய். லோடு ஏற்றும் மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து ஆளுக்கு நூறு போட்டு எடுத்திருக்கிறார். அந்த நூறை நோட்டில் செலவுப் பக்கம் எழுதினேன். வரவுப் பக்கத்தில் ஒரு வரி இடம் விடச் சொன்னார். விழட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றேன்.