காற்று நின்ற காரணம்

டிசம்பர் 9, உதகை

கடல் மட்டத்திற்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில், மார்கழி பிறக்குமுன்பே புல்வெளிகளில் உறைபனி படியத் தொடங்கிவிடும் இந்நாட்களில், காரின் ஹீட்டர் என்பது சுகவாசிகளின் சௌகரியம் என்று எண்ணுவோர், விடியற்காலையில் ஒருமுறை குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிப் பார்த்தால் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள். உள்ளே அமர்ந்திருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பாதையை மறைக்கும். அதைக் கலைப்பது கண்ணாடியின் அடியிலிருந்து எழும் வெப்பக் காற்று. இன்று காலை அக்காற்று மறுபடியும் நின்றுவிட்டது. சுவிட்சின் முதல் மூன்று நிலைகளில் சலனமில்லை. நான்காவதில் மட்டும் புளோயர் முழு வேகத்தில் இரைகிறது.

டிசம்பர் 10

ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்தவுடனே, "ரெசிஸ்டர் போயிருச்சுங்க சார், வேற மாத்திப் போட்டுரலாம்" என்றார். அவர் சொன்னது சரியே. புளோயரின் வேகத்தைக் குறைப்பதற்காகவே மின்சாரத்தின் வழியில் ரெசிஸ்டரின் கம்பிச் சுருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. உச்ச வேகத்தில் மின்சாரம் அச்சுருள்களைத் தொடாமல் நேரே மோட்டாருக்குச் செல்லும். ஆதலால் உச்ச வேகம் மட்டும் உயிரோடிருந்தால் சந்தேகம் முதலில் ரெசிஸ்டர்மீது விழுவது நியாயம். ஆனால் கோடையில் கோயம்புத்தூர் வெயிலில் ஏ.சி. காற்று நின்றபோதும் இதே ஸ்பேரைத்தான் மாற்றினோம். ஹீட்டரின் உஷ்ணம் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலிருந்து வருகிறது, ஏ.சி.யின் குளிர்ச்சியோ வேறொரு சுற்றிலிருந்து வருகிறது. இரண்டையும் நம்மிடம் கொண்டு சேர்ப்பது ஒரே புளோயர். 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலாக ஏ.சி.யைப் பொருத்தியபோது, கம்ப்ரஸர் எஞ்சினோடு ஓடிக்கொண்டே இருக்குமென்றும், அதை நிறுத்த பெல்ட்டையே கழற்ற வேண்டுமென்றும், பிரயாணியின் வசமிருந்தது புளோயரின் சுவிட்ச் மட்டுமே என்றும் படித்திருக்கிறேன். தொடக்கத்திலிருந்தே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை புளோயரிடத்தில்தான் இருந்திருக்கிறது.

"மாற்றுவதற்கு முன் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறதென்று அளந்துவிடலாம், தம்பி" என்றேன். அவர் மறுக்கவில்லை.

டிசம்பர் 12

இடப்புறம் குளோவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, ரெசிஸ்டருக்குச் செல்லும் கப்ளர் பழுப்பேறி, ஒரு மூலையில் உருகியிருந்தது. தளர்ந்துபோன ஒரு முனையில் ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்குத் தடை ஏற்பட்டாலும், 20 ஆம்பியர் பாயும்போது அங்கே 40 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றுக்கு அது போதும். பிளாஸ்டிக் உருகியதில் வியப்பில்லை.

பிறகு கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி உச்ச வேகத்தில் ஓட்டினோம். புத்தம்புது மோட்டார் ஒன்று 15 ஆம்பியரில் சுழலக்கூடிய இடத்தில், எங்களுடையது 24 ஆம்பியரை இழுத்தது. ஃபியூஸ் 30 ஆம்பியருக்குரியது. அதனால்தான் அது எரியாமல், தன் காவலைச் செய்வதாகவே காட்சியளித்துக்கொண்டு, பின்னால் நிகழும் நாசத்தைத் தடுக்காமலே இருந்திருக்கிறது. சுழலும் மோட்டார் தன்னுள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இயல்புடையது; ஏதோ ஒன்று அதன் சுழற்சியைப் பிடித்திழுத்தால் அந்த எதிர்ப்புக் குறைந்து, மின்சாரம் பெருகும். கடத்தியில் பிறக்கும் வெப்பம் மின்சாரத்தின் வர்க்கத்தை ஒட்டி உயரும் என்பதை ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1841இலேயே வெளியிட்டார். குறைந்த வேகத்தில் 5 ஆம்பியர் பாயவேண்டிய சுருளில் 8 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் இரண்டரை மடங்குக்கு மேலாகும். அந்தச் சுருளோடு சேர்ந்திருக்கும் வெப்ப ஃபியூஸ் ஒருமுறை அறுந்தால் மீண்டும் ஒட்டாது. ரெசிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டது இவ்வாறுதான்.

டிசம்பர் 14

மோட்டாரைக் கீழே இறக்கினோம். கையால் சுழற்றினால் ஓரிரு சுற்றில் நின்றது. புஷ்ஷில் துரு, கார்பன் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தது. உலர்ந்த இடத்திலிருக்கும் மோட்டாருக்குத் துரு எங்கிருந்து வந்தது? வைப்பருக்குக் கீழுள்ள பள்ளத்தின் மூடியைத் திறந்ததும் விடை கிடைத்தது. வீட்டு முன்னால் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தின் இலைகள் அங்கே மக்கி, மழைநீர் வடியும் துவாரத்தை அடைத்திருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழை வடிய வழியின்றி, காற்று புகும் வாயிலாக மோட்டாரின்மேல் இறங்கியிருக்கிறது. காற்று ஃபில்டரும் அதே சருகால் அடைபட்டிருந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு: ஃபில்டர் அடைபட்டால் மோட்டார் தள்ளவேண்டிய காற்று குறைவதால் அதன் மின்சாரம் உண்மையில் சற்றுக் குறையுமேயன்றி ஏறாது, ஆனால் ரெசிஸ்டரைக் குளிர்விப்பது அதே காற்றோட்டமாதலால், அது குறைந்தால் சுருள் வெந்துபோகும். ஆகவே அதிக ஆம்பியருக்கு ஃபில்டரைக் குறைகூறுவது தவறு. ரெசிஸ்டரின் மரணத்தில் அதற்கும் பங்குண்டு என்பதே சரி.

டிசம்பர் 21

புது மோட்டார், புது ரெசிஸ்டர், கப்ளர், ஃபில்டர் ஆகியவை பொருத்தியாயிற்று, துவாரமும் துப்புரவாயிற்று. உச்ச வேகத்தில் மீட்டர் 15 ஆம்பியரைக் காட்டுகிறது. விடியலில் புறப்பட்டுப் பர்லியாறு தாண்டும்வரை கண்ணாடி தெளிவாகவே இருந்தது, சமவெளியில் ஏ.சி.யும் நான்கு வேகங்களிலும் இயங்கிற்று.

மரத்தடியில் கார் நிறுத்துவோர், மழைக்காலம் தொடங்குமுன் வைப்பருக்குக் கீழுள்ள சருகை அள்ளிவிடுங்கள்; ரெசிஸ்டர் இரண்டாம் முறை எரிந்தால், மோட்டாரின் ஆம்பியரை அளக்காமல் மூன்றாவதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.