ஐப்பசியில் ஆள் இருக்கும் வீடு

கொடைக்கானலில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் மே மாதத்து மலையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். ஏரியைச் சுற்றி வண்டிகள் நகராமல் நின்றிருக்கும். ஓர் இரவுக்கு அறை கிடைக்காமல் குழந்தைகளோடு அலைந்திருப்பார்கள். அந்த அலைச்சலிலேயே கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள்: இங்கே நமக்கென்று ஒரு வீடு இருந்தால் போதும், வாடகை தானாக வரும். அவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன். வாங்குவதற்கு முன்னால் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு வாரம் வந்து தங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். குடிவைப்பது, வாடகை வாங்கி வங்கியில் போடுவது, ஓட்டை ஒடிசல் பார்ப்பது, தாலுகா ஆபீசுக்கும் நகராட்சிக்கும் நடப்பது எல்லாம் இதில் அடக்கம். கடை வைத்திருப்பவர் கடையை நேசிப்பதைப் போல இல்லை இது. வீடு இன்னொருவருடையது, அவர் ஆண்டுக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. ஆனாலும் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டின் மேற்குச் சுவர் எந்த மழைக்கு வேர்க்கும் என்பது அவரைவிட எனக்குத்தான் தெரியும். அந்தத் தெரிதலுக்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

கடல் கடந்தவர்களின் வீடுகள் இந்த ஊருக்குப் புதியவையல்ல. ஊரே அப்படித்தான் தொடங்கியது. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். அந்தக் காலத்துக் கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கட்டியவர்களுக்கு இந்த மலை புரிந்திருந்தது என்று தோன்றும். தடித்த கல் சுவர், சாய்ந்த தகரக் கூரை, தரையைத் தூக்கி வைத்து அதன் அடியில் காற்றோட்டத்துக்கு விட்ட துவாரங்கள், அறைக்கு அறை கணப்பு. கணப்பு குளிருக்காக மட்டும் இல்லை. சுவரை உலர்த்துவதும் அதுதான்.

இன்றைக்கு விற்கப்படும் புது வில்லாக்களில் பலவற்றுக்கு மொட்டை மாடி இருக்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில், வடகிழக்குப் பருவமழை நேராக வந்து அறையும் சரிவில், தண்ணீர் தேங்கும் தட்டைக் கூரை. படத்தில் அழகாக இருக்கும். இரண்டாவது மழைக்குப் படுக்கையறைக் கூரையில் வட்டம் வட்டமாகக் கறை படியும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். மழை நின்ற நாளிலும் மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் பூசணம் பிடிப்பது தோல் செருப்பிலும் அலமாரியின் பின்பலகையிலும். அடுத்து மெத்தை. அப்புறம் மரக்கதவு ஊதி நிலையில் மாட்டிக்கொள்ளும். பலமாகத் தள்ளினால் தாழ்ப்பாள் பிய்ந்து வரும். சுவிட்சுப் பெட்டிக்குள் பச்சை பூத்திருக்கும். தகரக் கூரையில் ஆணியைச் சுற்றியுள்ள வாஷர் இற்றுப் போய்ச் சொட்டு இறங்கும். பைன் ஊசியும் தைல மரத்து இலையும் சேர்ந்து மழைநீர்த் தகரவாரியை அடைத்தால் தண்ணீர் சுவர் வழியாக வழியத் தொடங்கும். தாங்குச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண் அடைத்துப் போனால் அந்தப் பக்கத்து மண் நீரைக் குடித்துக் கனத்து, ஒரு ராத்திரியில் சுவரோடு சரிந்துவிடும். 

இவை ஒன்றும் பெரிய வேலைகள் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறினால் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு வீட்டுக்குள் மனிதர்கள் வேண்டும். அடுப்பு எரிய வேண்டும், காலையில் ஜன்னல் திறக்க வேண்டும், வெந்நீர் ஓட வேண்டும், சொட்டு விழுந்த அன்றைக்கே "அண்ணே, ரூமுக்குள்ள ஒழுகுது" என்று ஒரு போன் வர வேண்டும். ஆள் குடியிருக்கும் வீடும் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடும் ஒரே ஆண்டில் கட்டப்பட்டு அடுத்தடுத்து நிற்பதை இங்கே எத்தனையோ தெருக்களில் காட்ட முடியும். பார்த்தவுடன் எது எது என்று சொல்லிவிடலாம்.

அதனால்தான் நான் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களையே தேடுகிறேன். பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கியில் மாற்றலாகி வருபவர்கள், 1899இலிருந்து இந்த மலையில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்று அமைதி தேடி வரும் தம்பதிகள். இவர்கள் தரும் மாத வாடகை, சீசனில் ஒரு காட்டேஜ் இரவுக்கு இரவு பார்க்கும் பணத்தோடு போட்டி போடாது. வீட்டுக்காரர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். துபாயில் இருக்கும் ஒரு தம்பி, "பக்கத்து வீட்ல ஒரு நாளைக்கு வாங்குறத நீங்க மாசத்துக்குச் சொல்றீங்களேண்ணே" என்று வருத்தமாகவே சொன்னார்.

"மே மாசத்துக் கணக்க விட்டுருங்க தம்பி. நவம்பர்ல அந்த வீட்ல வெளக்கு எரிஞ்சதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

நாள் வாடகைக்கு விடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நடத்துகிறவர் ஊரில் இருந்து, தன் கையால் நடத்தினால் நல்ல பிழைப்பு. தூரத்தில் இருக்கிறவருக்குத்தான் அது பொருந்தாது. மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிய வேண்டுமானால் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஷார்ஜாவில் இருப்பவருக்கு அது எப்படி முடியும்? வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு விடுதியாக நடத்திய கட்டடங்கள் என்ன ஆயின என்பதை ஊர் பார்த்திருக்கிறது. 1993இன் மாஸ்டர் பிளானை மீறியவற்றுக்கு உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2019இல் வரிசையாகச் சீல் வைத்தார்கள். அதற்கும் முன்னால், பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடுத்த பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமே மலையில் விதியை மீறி எழுந்த மாடிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு விருந்தாளி தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை வேறு. வட்டக்கானல் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

கூட்டமும் இனி வரம்பில்லாமல் வராது. 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீதிமன்றம் நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எல்லை கட்டியது. மலைக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். சீசனை மட்டும் நம்பிக் கடன் வாங்கி வீடு வாங்கியவர்களுக்கு அது வேறு கணக்கு.

சிலர் வீட்டை மொத்தமாக ஆண்டு லீசுக்கு யாரிடமாவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். எடுத்தவர் அதைக் காட்டேஜாக நடத்துவார். பணம் சொன்ன தேதிக்கு வரவும் செய்யும். ஆனால் கூரைக்கு யார் செலவழிப்பது? பதினோரு மாதத்தில் போகப்போகிறவர் வாஷர் மாற்ற மாட்டார். கெட்டவர் என்பதால் இல்லை; அவருக்கு அந்தக் கூரையின் பத்தாவது ஆண்டு தேவையில்லை.

இனி வாங்குவதைப் பற்றி. அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் இங்கே வீடோ கடையோ ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்கத்தான் தடை. சென்னையில் அடுக்ககம் வாங்குபவருக்கு இந்த விதி கண்ணிலேயே படாது. இங்கே அது முதல் கேள்வி. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு சின்ன வீட்டைக் காட்டி "எஸ்டேட் வீடு" என்று விலை சொல்வார்கள். மனசு உடனே போய்விடும், அவ்வளவு அழகான இடம். ஆனால் வாங்குவது காப்பித் தோட்டம். நகராட்சி எல்லையைத் தாண்டினால் வில்பட்டியிலும் பூம்பாறையிலும் வீடு நிற்கும் மனைக்கே பட்டாவில் புஞ்சை என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். "எல்லாரும் இங்க கட்டிருக்காங்க சார்" என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எல்லாரும் வெளிநாட்டிலா இருக்கிறார்கள்?

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், கட்டட அனுமதி ஆகியவற்றை ஒரு வக்கீல் பார்க்கட்டும். நான் கூடுதலாக இரண்டு விஷயம் பார்ப்பேன். ஏப்ரலில் தண்ணீர் எங்கிருந்து வரும், அந்தப் பாதையில் டேங்கர் லாரி திரும்புமா? வாங்கிய பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவேன். ஆள் இல்லாத சொத்தில்தான் ஆள்மாறாட்டப் பத்திரங்கள் பதிவாகின்றன.

வாடகைப் பணத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவரானால், வாடகை எவ்வளவு சிறியதானாலும், குடியிருப்பவரே 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதச் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதாவது 31.2 சதவீதம். 25,000 ரூபாய் வாடகையில் 7,800 போய்விடும், ஆண்டுக்கு 93,600. ஒரு செவிலியம்மாவிடம் இதைச் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வரி பிடிப்பதற்கு அவருக்கு டான் எண் வாங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு போட வேண்டும். அந்த வேலையையும் ஆடிட்டர் கூலியையும் வீட்டுக்காரர் பக்கம் எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். பிடித்த பணம் தொலைந்துபோவதும் இல்லை. ஆண்டு வாடகை மூன்று லட்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போனால் வரிக்குரியது 2,10,000. வேறு வருமானம் இந்தியாவில் இல்லாதவருக்கு இது வரிக்கான அடிப்படை வரம்புக்குள்ளேயே அடங்கும். கணக்கைத் தாக்கல் செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும். முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கிவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம். வாடகை என்ஆர்ஓ கணக்கில் விழட்டும். வரி போக மிச்சத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகத் தடையில்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கேட்கிறது. முன்பணமாக மூன்று மாத வாடகை என்பது அதன் பொது அளவு. ஒத்திக்கு விடச் சொல்லி நல்ல தொகையோடு வருபவர்களும் உண்டு. தூரத்தில் இருப்பவருக்கு ஒத்தி வேண்டாம். திருப்பித் தர வேண்டிய நாளில் அந்தத் தொகை கையில் இருக்காது.

வாட்ச்மேன் குடும்பத்தை அவுட்ஹவுசில் வைக்கப் பயப்படுகிறவர்கள் அதிகம். பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் சொத்து அவருடையதாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். காவலாளோ வேலையாளோ எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பால் சொத்தில் உரிமை வராது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோவா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வேலைக்கு வைத்ததற்குக் கடிதமும் மாதாமாதம் வங்கி வழியாகச் சம்பளமும் இருந்தால் போதும். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஒழுகாத கூரையும் ஒரு கீசரும் போட்டுக் கொடுங்கள். உங்கள் வேலியை உடைத்துக் காட்டுமாடு உள்ளே வரும் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வரப்போவது அவர்தான்.

கடைசியாகப் பவர். வெளிநாட்டில் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்தப்பட வேண்டும். உறையோடு அலமாரியில் வைத்துவிட்டால் வம்பு. பொது மாதிரிப் படிவத்தில் விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க என்று எல்லா அதிகாரமும் அச்சாகியிருக்கும். என் பெயருக்கு வரும் பவரில் அந்த வரிகளை அடிக்கச் சொல்லிவிடுவேன். குடிவைக்க, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட, வரியும் மின்கட்டணமும் கட்ட, அலுவலகங்களில் மனு கொடுக்க, பழுது பார்க்க. எனக்கு இவ்வளவு போதும். விற்கும் நாள் வந்தால் வீட்டுக்காரர் தானே வந்து, கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் கைரேகையை வைக்கட்டும்.