வளர்த்த ஊரும் வாங்கிய நாடும்

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்து, பொறியியல் படித்து, பின்னர் கனடாவின் டொராண்டோ பகுதியில் குடியேறியவர்களுக்குப் பேஸ்பால் எளிதில் பிடிபடும் விளையாட்டு அன்று. மட்டையும் பந்தும் இருப்பதால் முதல் பார்வையில் கிரிக்கெட்டின் உறவுபோல் தோன்றினாலும், பந்து தரையில் குத்தி எழாத, ஓவர் என்ற கணக்கே இல்லாத, ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும் அந்த விளையாட்டு, புதிதாக வந்தவரை நெடுநாள் வெளியிலேயே நிறுத்தி வைக்கிறது. அலுவலக உணவறையிலும் பிள்ளைகளின் பள்ளி வாசலிலும் பேச்சில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயத்தால் உள்ளூர் அணியான டொராண்டோ ப்ளூ ஜேஸைப் பின்தொடரத் தொடங்குபவர்களுள் பலரை, நாளடைவில் ஆட்டத்தைவிடவும் அணி எவ்வாறு சேர்க்கப்படுகிறது என்ற கேள்வியே கூடுதலாகக் கவர்கிறது. இக்கவர்ச்சியின் வேரை அவர்கள் விட்டுவந்த ஊரில் தேடலாம். ஏனெனில் நெய்வேலியும் பல இடங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தும், சேர்த்தவர்களைப் பழக்கியும் கட்டப்பட்ட ஊரே.

பேஸ்பால் அணி தன் ஆட்களைப் பெறும் வழிகளுள் இரண்டு அடிப்படையானவை. ஒன்று வீரர் பரிமாற்றம், அதாவது டிரேடு. தன்னிடமுள்ள வீரரை மற்றோர் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து தனக்குத் தேவையானவரைப் பெறுவது. மற்றொன்று இளையவர்களைத் தேர்ந்தெடுத்துக் கீழ்நிலை அணிகளில் ஆண்டுக்கணக்கில் ஆடவைத்து மேலே கொண்டுவருவது. பரிமாற்றம் தமிழ் ரசிகர்களுக்கு இப்போது புதிதன்று. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றபோது, அதன் லாப நட்டம் டீக்கடைகள்வரை விவாதிக்கப்பட்டது. ஆனால் ஐ.பி.எல். அணிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் ஏலத்துக்காகப் பெரும்பாலும் கலைக்கப்படுவதால், ஓர் இளைஞரை வளர்த்து அதன் பலனை நெடுங்காலம் நுகரும் வாய்ப்பு அங்கே குறைவு. பேஸ்பாலில் அவ்வாறில்லை. ஓர் அணி எடுத்து வளர்க்கும் வீரர், முதல்நிலை லீக்கில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆடி முடிக்கும்வரை, அந்த அணி விடுவித்தாலோ வேறு அணிக்குக் கொடுத்தாலோ அன்றி அதனிடமே இருந்தாக வேண்டும் என்பதால், வளர்ப்பதற்குச் செலவிட்ட காலத்துக்கு அங்கே விலை உண்டு.

1977இல் லீக்கில் சேர்க்கப்பட்ட ப்ளூ ஜேஸ் அணியின் வரலாறே இவ்விரு வழிகளுக்கும் தக்க சான்றாகும். தொடக்க ஆண்டுகளில் தோற்றுக்கொண்டேயிருந்த அவ்வணி, மற்றவர்கள் போதிய அளவு தேடாத இடங்களில் தேடியது. டொமினிக்கன் குடியரசின் சான் பெட்ரோ தே மாகோரிஸ் என்ற கரும்பு ஆலை ஊரில் பிறந்த டோனி ஃபெர்னாண்டஸை 1979இல் ஒப்பந்தம் செய்தது. அதே ஊர்ப் பக்கத்தவரான ஜார்ஜ் பெல் என்பவரை, ஃபிலடெல்ஃபியா அணி தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட இடைவெளியைப் பயன்படுத்தி 1980 டிசம்பரில் எடுத்துக்கொண்டது. ஐந்தாம் விதித் தேர்வு எனப்படும் இவ்வழியில், ஓர் அணி கீழ்நிலையில் பல ஆண்டுகள் தேக்கி வைத்திருக்கும் வீரரை மற்றோர் அணி சிறு தொகை கொடுத்து எடுக்கலாம்; எடுத்தவர் அடுத்த பருவம் முழுவதும் அவரை முதல்நிலை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திறமையாளரை முடக்கி வைப்பதைத் தடுக்கும் இவ்விதியால் வந்த பெல், 1987இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

இவ்வாறு வளர்த்தெடுத்தவர்களை உரிய நேரத்தில் விட்டுக்கொடுக்கும் துணிவே அவ்வணியை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. 1990 டிசம்பர் 5 அன்று பொது மேலாளர் பேட் கில்லிக், தம் அணியின் தூண்களாக இருந்த ஃபெர்னாண்டஸையும் ஃப்ரெட் மெக்ரிஃபையும் சான் டியேகோவுக்குக் கொடுத்து, ராபர்ட்டோ அலோமரையும் ஜோ கார்ட்டரையும் பெற்றார். அணி 1992இலும் 1993இலும் வேர்ல்டு சீரிஸ் எனப்படும் இறுதித் தொடரை வென்றது. 1993 அக்டோபர் 23 அன்று தொடரையே முடித்து வைத்த ஹோம் ரன்னை, அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸரை ஒத்த அடியை, அடித்தவர் பரிமாற்றத்தில் வந்த கார்ட்டர். விட்டுக்கொடுக்கப்பட்ட ஃபெர்னாண்டஸ் 1993 பருவத்தின் நடுவில் மற்றொரு பரிமாற்றத்தின் வழியே திரும்பி வந்து அந்த வெற்றியில் பங்கு கொண்டார்.

பரிமாற்றத்தின் கணக்கு எப்போதும் இத்தனை தெளிவாக இருப்பதில்லை. 2008 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அணியிலிருந்து ஹோசே பௌட்டிஸ்டா பெறப்பட்டபோது, ஈடாகக் கொடுக்கப்பட வேண்டியவர் யார் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. ‘பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்’ என்பது பேஸ்பாலில் ஏற்கப்பட்ட ஒரு வாசகம். நாடோடியாக அணி மாறிக்கொண்டிருந்த பௌட்டிஸ்டா, மட்டை வீசும் முறையைத் திருத்திக்கொண்டு 2010இல் 54 ஹோம் ரன்கள் அடித்தார். மறுபுறம், 2015 ஜூலையில் இளம் பந்தெறிபவர்கள் மூவரைக் கொடுத்துப் பெறப்பட்ட டேவிட் பிரைஸ், அணி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறத் துணைநின்று, அப்பருவம் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்த சுதந்திர வீரராகப் பாஸ்டனுக்குப் போய்விட்டார். இத்தகையவரை ‘வாடகை வீரர்’ என்பர். இன்றைய தேவைக்காக நாளைய வீரர்களைக் கொடுப்பதே பரிமாற்றத்தின் உள்ளியல்பு என்பதை அச்சொல் மறைக்காமல் கூறுகிறது.

வளர்ப்பு முறையின் படிகள் ஊர்களாலானவை. முப்பது முதல்நிலை அணிகள் ஒவ்வொன்றின் கீழும் நான்கு நிலைகளில் நான்கு கிளை அணிகள் உள்ளன. ப்ளூ ஜேஸுக்கு அவை ஃப்ளோரிடாவின் டனிடின், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், நயாகராவுக்கு அருகிலுள்ள பஃபலோ ஆகியன. ஒரு பிட்சர், அதாவது பந்தெறிபவர், இப்படிகளைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆவது வழக்கம். 2024இல் பள்ளி, கல்லூரி வீரர்களுக்கான டிராஃப்ட் என்னும் வரிசைத் தேர்வில் இருபதாமவராக எடுக்கப்பட்ட டிரே யெசாவேஜ், 2025 ஏப்ரலில் டனிடினில் தொடங்கி, நான்கு ஊர்களையும் ஒரே கோடையில் கடந்து, செப்டம்பர் 15 அன்று முதல்நிலையில் அறிமுகமாகி, அக்டோபர் 29 அன்று வேர்ல்டு சீரிஸின் ஐந்தாம் ஆட்டத்தில் பன்னிரண்டு மட்டையாளர்களை ஸ்டிரைக் அவுட் முறையில் வெளியேற்றினார். அத்தொடரில் அவருடைய பந்துகளை வாங்கிய காப்பாளர் அலெகாந்த்ரோ கிர்க், 2016இல் மெக்சிகோவிலிருந்து 30,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டவர். முதல் தளத்தில் நின்ற விளாடிமிர் கெரேரோ ஜூனியர், 2015இல் பதினாறு வயதில் 39 லட்சம் டாலருக்கு எடுக்கப்பட்டவர். ஏழு ஆட்டங்கள் நீண்ட அத்தொடரில் டொராண்டோ லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது. எனினும் ஒருவரின் தொடக்க விலைக்கும் அவர் சென்றடையும் இடத்துக்கும் தொடர்பு எத்தனை தளர்வானது என்பதற்கு அவ்வணியின் பட்டியலே சான்றாக இருந்தது.

இனி நெய்வேலிக்கு வரலாம். 1956 நவம்பர் 14 அன்று பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு செய்யப்பட்டு, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தபோது, இந்நாட்டில் அதற்குத் தேவையான கைப்பழக்கம் எவரிடமும் இருக்கவில்லை. நிலக்கரிப் படுகைக்கு மேலே கடினமான மேல்மண்ணும், கீழே பெரும் அழுத்தத்தில் தேங்கிய நிலத்தடி நீரும் இருந்தன. மேல்மண்ணை வெட்டிக்கொண்டே போக வேண்டும், நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பெங்கும் வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் சுழன்று மண்ணை அறுக்க, அறுத்த மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் போகும் பிரம்மாண்டமான வெட்டும் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது. வெளியாரின் திறனைத் தருவித்துத் தொடங்கிய அப்பணியில், அருகிலிருந்து கற்றுக்கொண்ட உள்நாட்டுப் பொறியாளர்களும், அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஷிப்டு ஷிப்டாகப் பழகிய தொழிலாளர்களும் சில ஆண்டுகளில் முழுப் பொறுப்பை ஏற்றனர். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு மின்சாரம் பிறந்தது. பேஸ்பால் மொழியில் சொன்னால், வாங்கித் தொடங்கி வளர்த்து நிலைபெற்ற அணி அது.

வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட அந்நகரியம், அடுத்த தலைமுறையையும் வளர்த்தது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸுகளில் ஒலிக்க, கழகத்தின் பள்ளிகளில் படித்து, கழகத்தின் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, நூலகமும் விளையாட்டுத் திடலும் நடக்கும் தொலைவில் அமையப்பெற்று வளர்ந்த பிள்ளைகளுள் கணிசமானோர் சுரங்கத்துக்குத் திரும்பவில்லை. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாடுகளும் தேர்வாளர்களைப் போலவே செயல்பட்டன. குடியேறிகளை மதிப்பெண் இட்டுத் தெரிவு செய்யும் முறையைக் கனடா 1967இலேயே கொண்டுவந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், 1,200 புள்ளிகளைக் கொண்ட தரவரிசையில், இருபது முதல் இருபத்தொன்பது வயதுள்ளவருக்கு வயதுக்கான முழுப் புள்ளிகளும் உண்டு, நாற்பத்தைந்தை எட்டியவருக்கு ஒன்றுமில்லை. இளமை, மொழித்திறன், கல்வி, அனுபவம் ஆகியவற்றை எண்ணாக்கி, குறிப்பிட்ட நாளில் மேலிருப்பவர்களை அழைக்கும் அம்முறைக்கும் டிராஃப்டுக்கும் நோக்கில் பெரிய வேறுபாடில்லை.

வேறுபாடு ஈட்டில் இருக்கிறது. பேஸ்பாலில் வளர்த்தவர் வெறுங்கையுடன் விடப்படுவது அரிது. ஜப்பானின் ஓரிக்ஸ் அணி வளர்த்த இச்சிரோ சுசுகி 2000இல் சியாட்டிலுக்குப் போனபோது, அவ்வணிக்கு ஒரு கோடியே முப்பத்தொன்று லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஷோஹெய் ஓத்தானி 2017இல் கடல் கடந்தபோது நிப்பான் ஹாம் அணி இரண்டு கோடி டாலர் பெற்றது. கால்பந்தில் பன்னாட்டு மாற்றுத் தொகையில் ஐந்து விழுக்காடு, அவ்வீரரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயதுவரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. பொறியாளருக்கும் மருத்துவருக்கும் இத்தகைய விதி எதுவும் இல்லை. வெளிநாடு சென்ற வல்லுநர்களின் வருமானத்தின் மேல் சிறு வரி விதித்து அவர்களை உருவாக்கிய நாடுகளுக்குத் திருப்பலாம் என்று பொருளியலாளர் ஜக்தீஷ் பகவதி 1970களில் முன்வைத்த யோசனை, விவாதமாகவே நின்றுவிட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்புக்கு இடமுண்டு. மனிதர் எவரின் உடைமையும் அல்லர். ஈடு கேட்பது ஆளையே கணக்கில் எழுதுவதாகாதா? பேஸ்பால் வரலாறே இக்கேள்வியைக் கேட்டிருக்கிறது. தம்மைக் கேளாமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டதை ஏற்க மறுத்த கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர், தாம் வாங்கி விற்கப்படும் பொருள் அல்லர் என்று 1969இல் லீக் ஆணையருக்கு எழுதி, வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்று, 1972இல் தோற்றார். ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஒரு நடுவர் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணிக்குச் செல்லும் உரிமையைத் திறந்துவிட்டது. நெய்வேலிப் பிள்ளைகள் தம் விருப்பப்படி சென்றதும் அந்த உரிமையின் வகையைச் சேர்ந்ததே. அதற்காக எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. செல்லும் உரிமையை ஏற்றுக்கொண்டே, வளர்த்த செலவை ஏற்றவர் யார் என்று கேட்பதில் முரண் ஏதுமில்லை.

அச்செலவைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பட்டியலின் அடியில் இருப்பவர்களே. மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை அணிகளின் வீரர்கள் நெடுங்காலம் பிழைக்கப் போதாத ஊதியத்தில் ஆடினர். 2022இல் சங்கத்தில் சேர்ந்து, 2023இல் முதல் ஒப்பந்தத்தைப் பெற்ற பின்னரே, டனிடின் நிலையில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராக உயர்ந்தது. நெய்வேலியிலோ, நிரந்தரத் தொழிலாளரின் பக்கத்திலேயே அதே வகை வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகின்றனர். அவர்களுக்கும் அடியில் நிற்பவை, சுரங்கத்துக்காக வீடும் வயலும் கொடுத்து இடம்பெயர்ந்த சுற்றுவட்டாரக் கிராமங்கள். அவர்கள் கொடுத்த நிலத்தின் கீழ்க் கிடந்த கரியிலிருந்தே மின்சாரமும், மின்சாரத்தின் வருவாயிலிருந்தே நகரியத்தின் பள்ளிகளும் வந்தன.

ஆகவே டொராண்டோவிலோ டாலஸிலோ வாழும் நெய்வேலிக்காரர், ஊருக்குத் தாம் பட்ட கடனை நினைக்கும்போது பழைய பள்ளியையும் நகரியத்தின் நிழல் மரங்களையும் மட்டும் நினைப்பது கணக்கில் ஒரு பக்கத்தையே படிப்பதாகும். பரிமாற்றம் என்றால் இருபுறமும் பெயர்கள் எழுதப்பட வேண்டும் என்பதே பேஸ்பால் கற்பிக்கும் ஒழுங்கு. பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரருக்கும்கூட ஒரு கெடு உண்டு. நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக்கும் பயிற்சிக்கும் நிரந்தர வேலைக்கும் துணைநிற்பதும், அவர்களின் கோரிக்கை எழும்போது வெளிநாட்டில் வாழும் நகரியத்தாரும் அதற்குக் குரல் கொடுப்பதும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிரப்பப்படாமல் கிடக்கும் அந்த மறுபுறப் பட்டியலை எழுதத் தொடங்குவதற்கு ஒப்பாகும்.