உடலின் உரிமையும் ஒரு சைக்கிளின் அளவும்

நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்திய செய்தி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். உடலின் உரிமை என்பதற்கு உணவையும் உறக்கத்தையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். முழங்காலையும் அதில் சேர்க்க வேண்டிய வயது எனக்கும் வந்தது.

மத்ரஸா ஆசிரியனின் வாழ்வு பெரும்பாலும் தரையில் கழிகிறது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் சம்மணமிட்டு ஓதிக் கொடுத்த கால்கள் 45 வயதைக் கடந்ததும் முரண்டு பிடித்தன. ஸுஜூதிலிருந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருந்தது. பிறகு அத்தஹிய்யாத் இருப்பே வேதனையாயிற்று. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அந்தச் சலுகை அல்லாஹ்வின் அருள். ஆயினும், முயன்றால் தடுக்கக்கூடிய ஒரு தளர்ச்சிக்காக நாற்காலியை நோக்கி நடப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமை குறையும். உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் நடப்பதைவிடச் சைக்கிள் ஓட்டுவது மூட்டுக்கு இதமானது என்றார் மருத்துவர். ஆனால் சைக்கிள் உங்கள் அளவுக்கு இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கடைசிச் சொல்லே எனக்கு வேலை வைத்தது. ஜுப்பா தைக்கத் தோள், கை, நீளம் என்று அளவெடுக்கும் நாம், சைக்கிளை மட்டும் கடையில் நிற்பதைப் பார்த்து வாங்கி வருகிறோம்.

முதலில் எடுத்தது காலின் உள்ளளவு. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நூலைக் கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்வார்கள். நூலை அவ்விதம் பயன்படுத்த எனக்கு மனம் வராததால் ஒரு மரப்பலகையை வைத்துக்கொண்டேன். என் அளவு 79 செ.மீ. அதை 0.883-ஆல் பெருக்கினால் கிடைப்பது 69.8 செ.மீ. பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது. பிரான்சின் சைக்கிள் பந்தயப் பயிற்சியாளர் சிரில் கிமார், வீரர் கிரெக் லெமாண்ட் ஆகியோரால் பரவிய கணக்கு இது. பந்தய வீரர்களின் கணக்கு தரையில் அமர்ந்து இறுகிப்போன என் கால்களுக்கு அப்படியே பொருந்தவில்லை; 69.2-இல் நிறுத்தியபோதுதான் இடுப்பு இருபுறமும் ஆடாமல் நின்றது. சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பது நலம்.

பிரேமை ஹாங்காங்கில் இருக்கும் என் மச்சான் கொண்டுவந்தார். நான் அனுப்பிய அளவுகளுக்கு நெருக்கமாக அங்கு கிடைத்த, முன்பே ஒருவர் பயன்படுத்திய எஃகுப் பிரேம் அது. 27 இஞ்ச் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது. அதில் 700சி சக்கரத்தைப் பூட்டினால் ஆரத்தில் 4 மி.மீ. குறையும்; பிரேக் கட்டையை அந்த அளவு கீழே இறக்க வேண்டும். ஆனால் அதனாலேயே 32 மி.மீ. அகல டயருக்கு இடம் கிடைத்தது. சைக்கிளில் சுகம் என்பதில் பாதி டயரில் இருக்கிறது என்பது என் முடிவு. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்தத் தந்தையின் அக்கறையை மறந்து, குறுகிய டயரில் கல்லாகக் காற்றடித்து ஓட்டுவானேன்?

எங்கள் காயல்பட்டினத்துச் சைக்கிள் கடைக் காக்கா இத்தகைய வண்டியை அதற்கு முன் பூட்டியதில்லை. "ஹஜ்ரத், காத்தாடி மாதிரி லேசா இருக்கே" என்றார். ஆனால் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்த அவர் கை, ஒவ்வொரு ஸ்போக்ஸையும் தட்டிக் கேட்டு இறுக்கியது. உப்புக்காற்று எஃகைத் தின்றுவிடும் என்று, பிரேம் குழாய்களுக்குள்ளும் எண்ணெய் விட்டார். நான் கேட்காமலே செய்த உபகாரம் அது.

சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மெத்தென்ற சீட்டே சுகம் என்று நாம் நினைக்கிறோம். உட்காரும் எலும்புகள் மெத்தையில் அமிழ, நடுப்பகுதி மேலெழுந்து நரம்பை அழுத்தும், மரத்துப்போவது அதனால்தான். உறுதியான, எலும்புகளின் இடைவெளிக்கேற்ற அகலமுள்ள சீட்டே நல்லது. ஓர் அட்டைப் பெட்டியின் நெளிவட்டை மீது அமர்ந்து எழுந்தால் இரு குழிகள் தெரியும்; அவற்றின் நடுவே அளந்துகொள்ளலாம். நான் தேர்ந்தது இழுத்துக் கட்டிய தோல் சீட். நாட்பட நாட்பட அமர்பவரின் வடிவத்துக்கு அது இணங்கும். என்ன தோல் என்று கேட்டுத் தெரிந்த பின்பே வாங்கினேன். பதனிட்ட தோல் தூய்மையானது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் நாய், பன்றி ஆகியவற்றின் தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது. பன்றித் தோலுக்கு ஹனஃபி மத்ஹபிலும் அதே சட்டம். என்னுடையது மாட்டுத் தோல், அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் ஆயிற்று. இரண்டு ஆண்டுச் சேமிப்பு. "இது இஸ்ராஃப் ஆகாதா?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. வீண் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாமல் நடுநிலையில் செலவிடுவோரை ஸூரத்துல் ஃபுர்கான் புகழ்கிறது. பிறர் பார்க்க வாங்கும் பொருளில் விலை குறைந்தாலும் இஸ்ராஃப் உண்டு. தொழுகையில் நிற்கவும் குனியவும் உதவும் பொருளில் அளவோடு செலவிட்டால் அது விரயமாகாது என்பது என் கருத்து. இதே சைக்கிளில் மின்னும் உதிரிப்பாகங்களுக்காக இன்னும் 20,000 சேர்த்திருந்தால் மனைவியின் பக்கமே நின்றிருப்பேன்.

பெற்றோருக்கு ஒரு சொல். "அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவான்" என்று பெரிய சைக்கிளை வாங்கிக் கொடுக்கிறோம். கால் எட்டாத பிள்ளை ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை ஆட்டி ஓட்டுகிறது. பிரேக் லீவரும் அதன் விரலுக்கு எட்டுவதில்லை. ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும், சீட்டில் அமர்ந்து இரு கால் நுனிகளும் தரையைத் தொடுகின்றனவா என்றாவது பாருங்கள்.

ஃபஜ்ருக்குப் பின் வாரம் ஐந்து நாள் திருச்செந்தூர் சாலையில் ஓட்டி வருகிறேன். ஆடி மாதக் கச்சான் காற்று எதிரே வீசும்போது மேடேறுவது போல்தான் இருக்கும். எட்டு மாதங்களாகின்றன. நான்கு ரக்அத்தையும் கையூன்றாமல் முடிக்கிறேன். தராவீஹின் இருபதுக்கு இன்னும் உறுதி கூற முடியாது. 15 கிலோமீட்டரைத் தாண்டினால் இடது உள்ளங்கை மட்டும் மரத்துப்போகிறது. ஹேண்டில்பாரை இன்னும் ஒரு செ.மீ. உயர்த்திப் பார்க்க வேண்டும். அதன் கம்பியில் எல்லைக்கோடு வெளியே தெரியும் வரை உயர்த்தலாகாது என்பதால், அளவுகோலுடன் அஸருக்குப் பின் வரச் சொல்லியிருக்கிறார் காக்கா.