இருட்டில் ஒரு குரல்

விற்பதற்கென்று சில பொருள்களை எடுத்து வைத்த பிறகு, அவற்றுள் எதை மட்டும் நிறுத்திக்கொள்வது என்று எண்ணத் தொடங்கும்போதுதான் ஒரு குடும்பம் தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறது. நகை என்றால் அம்மாவின் தாலிக்கொடி நிற்கும். நிலம் என்றால் கிணற்றடி வயல் நிற்கும். அவற்றுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் விலைக்கு வந்தவையோ துப்பாக்கிகள். அவற்றுக்கு வழக்கம் என்று ஒன்றும் இல்லாமையால், உடன்பிறந்த நாங்கள் மூவரும் 45 நாள் தடுமாறினோம்.

பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். கடலை விளையும் காலத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கும். ஒரே இரவில் ஒரு வயலை உழுது போட்டுவிட்டுப் போகும். அந்தப் பகையே எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. முதலாவது, தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி. ஒற்றைக்குழல், குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டிக் கெட்டிப்பது. இரண்டாவது, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட இரட்டைக்குழல், 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை என்ன பருமன் இருக்குமோ, அதுவே அக்குழலின் உள்ளளவு என்பது அந்த எண்ணின் பொருள். நாடு விடுதலை பெற்றபின் தாயகம் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் தாத்தா அதை வாங்கினார். மூன்றாவது, வங்காளத்து இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் 315 ரைபிள். 303 என்பது இராணுவத்தின் அளவு; பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. ஆகவே குடிமக்களின் கைக்கு வந்தது 315.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1983-இல் திருத்தப்பட்டபோது, ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் என்ற வரம்பு வந்தது. அப்பாவின் உரிமத்தில் மூன்றும் சரியாக அடங்கின. 2019 டிசம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வரம்பை இரண்டாகக் குறைத்தது. மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசுரிமையாக வருவதற்கும் அதே வரம்புதான். அந்த மாதம் எங்கள் துப்பாக்கிகள் வீட்டிலேயே இல்லை. டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்தல் வந்தால் அவற்றைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கிவருவது அப்பாவின் வழக்கம். சனவரியில் அவை திரும்பி வந்த வாரத்தில்தான், அம்மாவின் இருதய வால்வை இரண்டு மாதங்களுக்குள் மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். காப்பீடு போக எஞ்சிய தொகை எங்கள் மூவரின் சேமிப்பையும் தாண்டி நின்றது.

மதுரையில் உள்ள துப்பாக்கி வணிகர் ஒருவரிடம் போனோம். அவர் இரட்டைக்குழலை மடித்துத் திறந்து, குழல்களைத் தனியே கழற்றி, அடிப்புறத்தில் பொறித்திருந்த சின்னஞ்சிறு கிரீட முத்திரைகளை உருப்பெருக்கியால் பார்த்தார். பர்மிங்காமில் 1813 முதல் ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. வழக்கத்தைவிட மிகுதியான மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டுமே அங்கே முத்திரை இடுவார்கள். முத்திரைகள் நல்லவை என்று சொல்லி அவர் ஒரு விலை கூறினார். அது ஒன்றே அம்மாவின் செலவை ஈடுகட்டும். ரைபிளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. நாட்டுத் துப்பாக்கியை அவர் விரலால் ஒதுக்கி வைத்தார்.

சட்டப்படி, விற்க விரும்புவோர் வாங்குவோரின் விவரத்தோடு மாவட்ட நிர்வாகத்திற்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ எழுதிக் கொடுத்து, அதன்பின் 45 நாள் பொறுத்திருக்க வேண்டும். மூன்றையும் குறிப்பிட்டே சனவரி இறுதியில் எழுதிக் கொடுத்தோம். எதை நிறுத்திக்கொள்வது என்பதை அதற்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம்.

எங்களில் மூத்தவருக்கு ரைபிள் நிற்க வேண்டும். அது அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. நடுவிலவருக்கு நாட்டுத் துப்பாக்கி. விலை போகாததை விற்பானேன் என்பது அவர் கேள்வி. இளையவளுக்கு எதுவுமே வேண்டாம். தேர்தல் மாதத்தில் வீடு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “இரட்டைக்குழல் மட்டும் நிற்கட்டும். மற்றதை எல்லாம் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

எங்களுக்குக் கோபம் வந்தது. அம்மாவின் உயிருக்கு ஈடான பணம் எதில் இருக்கிறதோ, அதையே அவர் கேட்கிறார். சீமைச் சரக்கின் மீதுள்ள மோகம் என்று நினைத்தோம். அப்படியே அவர் முகத்துக்கு எதிரே சொல்லவும் செய்தோம். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் இரவு அப்பா தாமாகவே எங்களை அழைத்து உட்கார வைத்துச் சொன்னார்.

1978 ஐப்பசியில், நிலவில்லாத ஓர் இரவு. கடலைக் காட்டின் மேற்கு வரப்பில் சலசலப்புக் கேட்டது. பன்றி என்றே எண்ணி, விரட்டுவதற்காக அப்பா தாழ்வாகச் சுட்டார். விழுந்தவர் பக்கத்துத் தோட்டத்து மாமா. தம் காட்டைக் காவல் காக்க வந்தவர். சிதறிய ரவைகள் அவருடைய முழங்காலிலும் ஆடுசதையிலும் தைத்திருந்தன. அப்பாவே அவரை மாட்டுவண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். விடிந்ததும் காவல் நிலையத்திற்குத் தாமாகவே போய்ச் சொன்னார். மாமா வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. பனையிலிருந்து விழுந்ததால் மாமா நொண்டுகிறார் என்றே எங்களுக்குச் சிறுவயது முதல் சொல்லப்பட்டிருந்தது.

அந்த இரவுக்குப் பின் அப்பா இரட்டைக்குழலால் சுட்டதே இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் எண்ணெய் இட்டுத் துடைத்தார். உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம் சுமந்துபோய்க் காட்டிவிட்டு வந்தார். “இதை விற்றுவிட்டால் நான் தப்பித்துக்கொண்டவன் ஆகிவிடுவேன்” என்றார். பெருமைக்காக வைத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்ததை அவர் தண்டனையாக வைத்திருந்தார். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அம்மாதான் பேசினார். “நாற்பது வருஷமாத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறீங்க. அந்த மனுஷரை ஒரு நாளாவது கேட்டீங்களா?”

கேட்டதில்லை. அறுப்புக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். மாமாவின் மகள் திருமணத்தில் முன்னின்றிருக்கிறார். அந்த இரவைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதே இல்லை.

மறுநாள் அப்பாவோடு நாங்களும் போனோம். மாமா திண்ணையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தார். மாமா கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

“நீ அதை வச்சிருக்கறதாலே எனக்கு என்ன மச்சான்? என் கால் என்கிட்டேதானே இருக்கு, மறக்கறதுக்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “இரும்பு என்ன பண்ணும்? அன்னிக்கு ‘யாரது’ன்னு ஒரு குரல் கொடுத்திருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு இத்தனை வருஷமும் மனசிலே கிடக்கு. அதை வித்துத் தங்கச்சியைப் பிழைக்க வை. வாங்கறவன்கிட்டே மட்டும் சொல்லி அனுப்பு, இருட்டிலே குரல் கொடுக்காமச் சுடாதேன்னு.”

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “தப்பு என்னுதுதான் மாப்பிள்ளை” என்றார். நாற்பது ஆண்டுகளாக எண்ணெயும் துணியுமாகச் சொல்லிவந்ததை, சொல்லால் சொன்னது அன்றுதான். மாமா எங்கள் பக்கம் திரும்பி, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அதன்பின் முடிவு எளிதாயிற்று. இரட்டைக்குழல் போக வேண்டியதுதான். ரைபிளும் போகட்டும் என்று மூத்தவரே சொன்னார். ரைபிளின் குண்டு ஒரு மைலையும் தாண்டிப் போகக்கூடியது. எங்கள் தோட்டத்தைச் சுற்றி இப்போது நாலாபுறமும் வீடுகள். நாட்டுத் துப்பாக்கியை நிறுத்திக்கொள்ளச் சொன்னவர் அப்பா. காரணம் கேட்டோம். எழுந்துபோய் அதை எடுத்துவந்து, மருந்தில்லாமல் செய்து காட்டினார். மருந்து கொட்ட வேண்டும். தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ரவையைப் போட வேண்டும். மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் கேப்பு பொருத்த வேண்டும். “இதைக் கெட்டிக்கிற நேரத்துக்குள்ளே நாலு தரம் ‘யாரது’ன்னு கேட்டுடலாம்” என்றார்.

மார்ச் இரண்டாம் வாரம் மதுரைக்குப் போனோம். வணிகர் பணத்தை எண்ணிக் கொடுத்து, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. துப்பாக்கியின் கதையை ஒளிக்காமல் சொல்லி, மாமாவின் சொல்லையும் சொல்லி, வாங்குபவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கதையைக் கேட்டபின் விலையைக் குறைப்பாரோ என்று நாங்கள் அஞ்சினோம். அவர் குறைக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் அந்தச் சொல்லை எழுதி, பெட்டியின் உள்ளே வைத்தார். அடுத்த வாரம் அம்மாவுக்கு அறுவை நடந்தது. அவர் வீடு திரும்புவதற்குள் நாடெங்கும் ஊரடங்கு வந்துவிட்டது.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டபோது நாங்கள் விலையையும், பழமையையும், பயனையும் மாறி மாறி எடை போட்டோம். அப்பா தம் குற்றத்தை எடை போட்டார். எங்களில் யாருமே காயம்பட்டவரை நினைக்கவில்லை. அவர் தமக்கென்று ஒன்றுமே கேட்கவும் இல்லை. ஒருவருக்கு நாம் செய்த தீங்கை நம் வீட்டுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்து, அதற்காக நாமே வருந்திக்கொண்டிருப்பது எளிது. பக்கத்துத் தோட்டம் வரை நடந்து போவது கடினம். அந்த வழியை எங்களுக்குக் காட்டியவர், நோயில் படுத்திருந்த அம்மா.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், எழுபது வயது கடந்தவர் தம் துப்பாக்கியை வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க இடம் தருகின்றன. அப்படியே நாட்டுத் துப்பாக்கி எங்களில் மூத்தவரின் உரிமத்துக்கு மாறியிருக்கிறது. சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, மேற்கு வரப்பில் சலசலப்புக் கேட்டது. துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு, கைவிளக்கோடு போய், “யாரது?” என்று மூன்று முறை உரக்கக் கேட்டோம். பன்றிகள் மலைப்பக்கம் ஓடின. இருட்டுக்கு அப்பாலிருந்து, “நான் இங்கேதான் இருக்கேன், நீங்க போய்ப் படுங்க” என்று மாமாவின் குரல் வந்தது.