முப்பது நாட்கள்

சட்டமாணிப் பட்டத்தின்பின் முதுமாணிக்கு வரிச்சட்டத்தை நான் தெரிவு செய்தபோது, "இது கணக்காளர் தொழிலன்றோ?" என நண்பர் நகைத்தனர். தொழில்வாய்ப்பை எண்ணியே தெரிவு செய்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. 1932 இல் வருமான வரி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த காலந்தொட்டுச் சட்டம் பன்முறை மாறிற்று. 1959 இல் பேராசிரியர் கால்டொரின் ஆலோசனையால் செலவு வரியும் வந்தது. மாறுந்தோறும் விளக்குவோர் தேவைப்பட்டனர். கணக்காய்வு நிறுவனம், வங்கி, இறைவரித் திணைக்களம், நீதிமன்றம் என இத்துறை கற்றோர்க்கு வாயில்கள் பல.

ஆயின், 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தைக் கற்கையில் ஒரு பிரிவு என்னைத் தடுத்து நிறுத்திற்று. மதிப்பீட்டை ஏற்காதவர் 30 நாட்களுள் மீளாய்வு கோருதல் வேண்டும். அதன்பின்னரே வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. சட்டப் பிரச்சினையாயின் மேன்முறையீட்டு நீதிமன்றம். முதற்படி தவறின் ஏனைய படிகளும் இல்லை.

சில ஆண்டுகளின் முன், பலசரக்குக் கடை நடத்திய என் தந்தையாருக்கும் ஒரு மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. வங்கியில் அவர் இட்ட பணம் முழுவதும் இலாபமெனக் கணிக்கப்பட்டிருந்தது. கொள்வனவுச் சிட்டைகளைக் காட்டியிருப்பின் தொகை குறைந்திருக்கும். அவரோ, "பிறகு பார்ப்போம்" என அதனைக் கணக்கேட்டினுள் மடித்து வைத்தார். அம்மாவின் நகைகள் அடகு சென்ற பின்னரே அவ்வரி தீர்ந்தது.

பெருங் கம்பனிக்கும் 30 நாட்கள். சிறு கடைக்கும் 30 நாட்கள். ஆலோசகர் உள்ள இடத்திலேதான் அவை போதுமானவை.

இன்று கணக்காய்வு நிறுவனமொன்றில் நல்ல ஊதியம் பெறுகின்றேன். சனிக்கிழமை மாலைகளில் எங்களூர் வணிகர் சங்கத்து வாங்கில் அமர்ந்து, கடைக்காரர் கொணரும் கடிதங்களை வாசித்துச் சொல்கின்றேன். தொகையை அல்ல, திகதியையே முதலிற் பார்க்கின்றேன்.