பாண்டிக்கு என்ன அவசரம்?

அடையாறிலிருந்து பாண்டிச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். "ரெண்டே முக்கால் மணி நேரத்துல அடிச்சிட்டேன் ஸார்!" என்று திங்கட்கிழமை காலை ஆபீசில் யாராவது ஒருவர் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார். வழியில என்ன பார்த்தீங்க என்று கேளுங்கள். "ரோடு!" என்பார்.

திருவான்மியூரைத் தாண்டினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியர்கள் பாட்டிக் துணிகள் செய்து விற்று, அந்தக் காசில் இங்கே நிலம் வாங்கினார்கள். படம் வரைந்து வீடு கட்ட முடியுமா என்று அப்போதும் மாமனார்கள் கேட்டிருப்பார்கள்!

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் முதலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். (அது அசையவே அசையாது. சில செக்‌ஷன் ஆபீசர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.) அங்கேயே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் ஆரம்பித்தது. பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது. இருளர் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மகாபலிபுரத்துக்கு முன்னால் சாளுவன்குப்பம். புலிக்குகையில் போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் கிடையாது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்தவர்தான் குறைவு. 2004 டிசம்பரில் சுனாமி வந்து மணலை அரித்துக்கொண்டு போக, கல்வெட்டுள்ள பாறை வெளியே தெரிந்தது. அதை வைத்துத் தொல்லியல் துறை 2005-ல் தோண்டினால், கீழே கோயில்! பல்லவர் கருங்கல்லுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம். எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போன அதே அலை காட்டிக்கொடுத்த கோயில் இது. அங்கே நிற்கும்போது பேச்சு தன்னால் நின்றுபோகிறது.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே வேகமாகப் போய்விடுவோம். கோட்டை டச்சுக்காரர்கள் கட்டியது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். கல்லில் டச்சு எழுத்தும் சித்திர வேலையும். கல்லறைப் பக்கம் பூட்டியிருந்தால் காவலரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணி கப்பலேறியது. 1782 பிப்ரவரியில் இந்தக் கடலில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீரங்கியால் அடித்துக்கொண்டார்கள். முழு வெற்றி யாருக்கும் கிடைக்கவில்லை. டச்சுக்காரர் ஊர் வாசலில் அடுத்த வீட்டுக்காரர்கள் சண்டை!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆலம்பரை. கடப்பாக்கத்தில் இடது கைப்பக்கம், கடலை நோக்கித் திரும்ப வேண்டும். முகலாயர் காலத்துக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அவர்கள் விட்டுவைத்த மிச்சத்தைக் கடல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. செங்கல் சுவர்கள் துண்டு துண்டாக மணலில் சாய்ந்து கிடக்கின்றன. டிக்கெட் கவுன்ட்டர் இருந்தால்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்காமல் சீக்கிரம் பார்த்துவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு எத்தனை சுவர் மிஞ்சும் என்பது சந்தேகம்தான். சுவர் மேல் ஏறி போஸ் கொடுக்கிற ஹீரோக்கள் தயவுசெய்து இறங்கவும்.

அப்புறம் மரக்காணம். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு இங்கே வண்டியை நிறுத்தினால், பாலைவனம் பார்க்க ராஜஸ்தானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ரோட்டின் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். மருந்துக்குக்கூட நிழல் இல்லை. பாத்தியில் தேங்கிய உப்புத்தண்ணீர் வெயிலில் வற்றி வற்றி வெள்ளையாகப் பூக்கிறது. அதை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட நமக்கே கண் கூசுகிறது. அவர்களில் பலருக்குத் தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மழை வந்தால் நமக்கு பஜ்ஜி; அவர்களுக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது.

தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வழியிலேயே காலியாகிவிடும்.